நம் கடலுக்கு ஒரு சின்னப் படகு



புன்னைக்காயலிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாளாம். பள்ளிக்கூடத்தில் யாரோ கொண்டுவந்த பழைய பேப்பரில், பாய்மரப் படகோட்டும் பெண் ஒருவரின் படத்தைப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும், "இந்த அக்கா எந்தூரும்மா, நம்ம பக்கமா?" என்று கேட்டிருக்கிறாள். தாய்க்குப் பதில் தெரியவில்லை. எங்களுக்கு எழுதிய கையோடு தன் கேள்வி ஒன்றையும் சேர்த்துவிட்டார். "எங்க மாமனாரு காலத்துல எஞ்சினே கிடையாது, பாய் விரிச்சுத்தான் கொழும்புக்குப் போனாவ. அப்படி இருந்த நம்ம கரையில இருந்து ஒரு புள்ளையும் ஏன் இதுக்குப் போகல?"

சிறியவளின் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். தாயின் கேள்விக்கு இந்தப் பக்கம் முழுவதும் வேண்டும்.

படத்தில் இருந்தவர் நேத்ரா குமணன். சென்னைப் பெண். 1997 ஆகஸ்டில் பிறந்தவர். மீனவர் வீட்டுப் பிள்ளை இல்லை. மற்ற நகரத்துப் பிள்ளைகளைப் போலவே டென்னிஸ், கூடைப்பந்து, சைக்கிள், பரதநாட்டியம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தவர். பன்னிரண்டு வயது வாக்கில், கோடை விடுமுறையில் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் நடத்திய முகாமுக்குப் போனார். அதன் பிறகு மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டது. 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டுக்கு இந்திய அணியில் போனபோது அவருக்கு வயது பதினேழு. 2018இல் ஜகார்த்தாவுக்கும் போனார். நடுவில் எஸ்.ஆர்.எம்.மில் எஞ்சினியரிங் படிப்பு. 2020 ஜனவரியில் மியாமியில் நடந்த உலகக் கோப்பைத் தொடரில் வெண்கலம் வென்றார். பாய்மரப் படகு உலகக் கோப்பையில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

அடுத்த ஆண்டு, 2021 ஏப்ரலில், ஓமன் நாட்டின் முசன்னாவில் ஆசியத் தகுதிச் சுற்று நடந்தது. நேத்ரா அதில் வென்று டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். ஒலிம்பிக்கில் பாய்மரம் ஏற்றத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்று அன்றைக்குப் பேப்பர்களில் பெரிய எழுத்தில் வந்தது, வாசகர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். ஆனால் அந்தச் செய்திக்குள் இருந்த இன்னொரு செய்தியைப் பலரும் கவனிக்கவில்லை. முசன்னாவில் அவருக்கு அடுத்த இடத்தில் நின்ற ரம்யா சரவணனும் இந்தியப் பெண்தான். ஒரே ஓர் இடத்துக்கு நம் பெண்கள் இருவர் போட்டியிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய செய்தியாகப் பட்டது. ஒருவர் மட்டும் மேலே வந்தால் அது அவருடைய திறமை. இரண்டாவது ஆள் பின்னாலேயே வந்து நின்றால், அங்கே ஒரு பாதை உண்டாகிவிட்டது என்று அர்த்தம்.

அந்தப் படகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கரையில் இருப்பவர்களுக்கு அதைக் கேட்பதில் தனி ருசி இருக்கும்.

நேத்ரா ஓட்டுவது ஐஎல்சிஏ 6 என்ற வகைப் படகு. முன்பு இதற்கு லேசர் ரேடியல் என்று பெயர். நீளம் நாலேகால் மீட்டருக்கும் ஒரு மயிரிழை குறைவு. வெறும் ஓடு மட்டும் ஏறத்தாழ 59 கிலோ. இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிக் கரையில் வைத்துவிடலாம். ஒரு பாய்மரம், ஒரு பாய், ஒரு சுக்கான், நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் ஒரு பலகை, அவ்வளவுதான். பாயின் பரப்பு 5.76 சதுர மீட்டர். படகில் ஒரே ஆள். சுக்கானைப் பிடிப்பதும், பாய்க்கயிறான தாமானை இழுப்பதும் இளக்குவதும், காற்றைப் பார்ப்பதும், பக்கத்துப் படகைப் பார்ப்பதும் எல்லாம் அந்த ஒருவர் வேலை. போட்டி நடக்கும்போது பயிற்சியாளர் ஒரு வார்த்தை பேச முடியாது.

இந்தப் போட்டியின் அழகு எதில் என்றால், எல்லோருக்கும் ஒரே படகு. ஒலிம்பிக்கில் போட்டி நடத்துபவர்களே படகைக் கொடுத்துவிடுகிறார்கள். நெதர்லாந்துக்காரருக்கும் நம்மவருக்கும் அதே ஓடு, அதே பாய். பணக்கார நாடு நல்ல படகு கட்டிக்கொண்டு வந்து ஜெயித்துவிட்டது என்று சொல்ல வழியில்லை. மிச்சம் இருப்பது ஆளும் காற்றும்தான்.

புறப்பாட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முதல் கொடி ஏறும். நாற்பது சொச்சம் படகுகள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டுக்குப் பின்னால் பாயைப் படபடக்க விட்டுக்கொண்டு இடம் பிடிக்க நெருக்கியடிக்கும். கோட்டை முன்னாலேயே தாண்டினால் குற்றம். ஒரு விநாடி பிந்தினால் முன்னே நிற்கிறவர்களின் பாய் நம் காற்றைத் தின்றுவிடும். முதல் ஓட்டம் எப்போதும் எதிர்க்காற்றில்தான். காற்றுக்கு நேரே எந்தப் பாயும் ஓடாது என்பது நம் பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. இந்தப் பக்கம் சாய்ந்து கொஞ்சம், அந்தப் பக்கம் திருப்பிக் கொஞ்சம் என்று வெட்டி வெட்டித்தான் மேலே ஏற வேண்டும். எந்தப் பக்கம் எப்போது திருப்புவது? காற்று ஐந்து பாகை விலகியிருக்கிறதா? நீவாடு என்கிற நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது? தூரத்தில் தண்ணீர் கறுத்துத் தெரிகிறதே, அது காற்று வரும் தடமா, மேகத்தின் நிழலா? இத்தனையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது உடம்பு இன்னொரு வேலை செய்துகொண்டிருக்கும். காற்று பாயை அழுத்தினால் படகு ஒரு பக்கம் சாயும். சாய்ந்த படகு வேகமாக ஓடாது. அதை நிமிர்த்த, ஓட்டுபவர் படகுக்குள் இருக்கும் ஒரு பட்டையில் பாதங்களை மாட்டிக்கொண்டு, தொடைக்கு மேலே உடம்பு முழுவதையும் வெளியே தண்ணீருக்கு மேல் நீட்டித் தொங்க வேண்டும். ஒரு பந்தயம் முக்கால் மணிக்கும் மேல் போகும். அதே நாளில் இன்னொரு பந்தயமும் இருக்கும். தொடைச் சதை நெருப்பாக எரியும் என்று ஓட்டியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

இப்படித் தண்ணீருக்கு மேல் தொங்குவதைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஜேம்ஸ் ஹார்னெல் நினைவுக்கு வந்தார். சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறைக்கு இயக்குநராக இருந்தவர். நம் முத்துக்குளிப்பைப் பற்றியும் நிறைய எழுதியவர். இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920இல் அவர் எழுதிய ஆராய்ச்சியில், பாக் நீரிணைப் பக்கத்துப் பாய்ப்படகுகளைப் பற்றிச் சொல்கிறார். அதிராம்பட்டினம் பக்கத்துப் படகில் குறுக்காக ஒரு நீண்ட பலகை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காற்று கூடக் கூட ஆட்கள் அந்தப் பலகையில் ஏறி, தண்ணீருக்கு மேலே போய் உட்கார்ந்து படகை நிமிர்த்துவார்கள். காற்று குறைந்தால் உள்ளே வருவார்கள். ஒலிம்பிக்கில் இன்று கோச் வைத்துச் சொல்லித்தரும் அதே வித்தையைத்தான் நம் கடலில் மீன் பிடிக்கப் போனவர்கள் தினமும் செய்தார்கள்.

டோக்கியோ போட்டிகள் எனோஷிமா கடலில் நடந்தன. நேத்ரா 44 பேரில் 35ஆவதாக வந்தார். அந்த எண்ணைப் பார்த்துச் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். அவர் பிதுக்கவில்லை; திரும்பவும் கடலுக்குப் போனார். ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான கிரான் கனேரியா தீவில், ஹங்கேரிக்காரரான தமாஷ் எசெஸ் என்ற பயிற்சியாளரிடம் அவர் பல காலம் பயிற்சி எடுத்தவர். அந்தத் தீவுக்கு ஏன் போக வேண்டும் என்றால், அங்கே ஆண்டு முழுவதும் நல்ல காற்று. உலகத்தின் சிறந்த ஓட்டிகள் அங்கேதான் கூடுகிறார்கள். தன்னைவிடத் திறமையானவர்களோடு தினமும் மோதாமல் இதில் முன்னேற முடியாது. வீட்டைவிட்டு, நாட்டைவிட்டு, சமைத்துச் சாப்பிட்டு, படகைத் தானே துடைத்துக் கட்டி, இருபதுகளின் பெரும்பகுதியை ஒரு பெண் அப்படிக் கழித்திருக்கிறார்.

2024 ஏப்ரலில் பிரான்சின் இயேர் நகரத்தில் கடைசித் தகுதிச் சுற்று. பாரிஸுக்குப் போக அதைவிட்டால் வேறு வாய்ப்பில்லை. இந்த விளையாட்டில் வளர்ந்துவரும் நாடுகளுக்கென ஒதுக்கிய இடத்தை அங்கே நேத்ரா பிடித்தார். பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் மார்சேய் நகரத்தில் நடந்தன. அங்கே காற்று சரியாக வராமல் பல பந்தயங்கள் தள்ளிப்போயின, சில நடக்காமலே போயின. முதல் பந்தயத்தில் நேத்ரா ஆறாவதாகக் கோட்டைத் தொட்டார். முடிவில் 21ஆம் இடம்.

35இலிருந்து 21. மூன்று ஆண்டுகளில் பதினான்கு படி. உலகத்தின் மிகச்சிறந்த நாற்பது சொச்சம் பெண்களுக்கு நடுவே அவ்வளவு ஏறுவது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள். பதக்கம் வந்தால்தான் கொண்டாடுவோம் என்று காத்திருப்பது நமக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. இந்தப் பக்கத்தில் நான் நேத்ராவை முழு மனதோடு கொண்டாடுகிறேன்.

அவர் தனியாகவும் போகவில்லை. வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன், ராணுவத்தில் இருப்பவர், டோக்கியோவில் ஆண்கள் ஒற்றையர் படகில் 20ஆவது, பாரிஸில் 18ஆவது. நடுவில் 2023இல் நடந்த ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் வெண்கலமும் வாங்கினார். சென்னையின் கே.சி. கணபதியும் வருண் தக்கரும் இருவர் ஓட்டும் 49இஆர் படகில் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்று, டோக்கியோவில் 17ஆவதாக வந்தார்கள். 1972இல் சோலி கான்ட்ராக்டரும் ஏ.ஏ. பாசித்தும் முதன்முதலாக இந்தியாவுக்காக ஒலிம்பிக்கில் பாய் விரித்தார்கள். அதிலிருந்து அரை நூற்றாண்டு கழித்து டோக்கியோவுக்குப் போன நால்வருமே தமிழ்நாட்டோடு சேர்ந்தவர்கள். அந்த நால்வரில் ஒருவர்கூட நம் தூத்துக்குடிக் கரையான முத்துக்குளித்துறையைச் சேர்ந்தவர் இல்லை. இனித் தாயின் கேள்விக்கு வருகிறேன்.

நம்மிடம் என்ன இல்லை? காற்று இருக்கிறது, ஆனி ஆடியில் கச்சான், கார்த்திகை மார்கழியில் வாடை. கடல் இருக்கிறது. தீவுகள் அணைகட்டி நிற்பதால் மன்னார் வளைகுடாவில் கரையோரம் பல இடங்களில் ஆழமில்லாத, அலை அடங்கிய தண்ணீர் கிடைக்கிறது. வித்தையும் இருந்தது. நம் ஏரலுக்குப் பக்கத்தில்தான் கொற்கை. இன்றைக்குக் கடலைவிட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே வாழைக்கும் பனைக்கும் நடுவில் கிடக்கும் அந்த ஊர், பாண்டியர்களின் துறைமுகமாக இருந்து, ரோமாபுரி வரைக்கும் பெயர் போனது. தூத்துக்குடித் தோணிகள் எஞ்சின் வருவதற்கு முன்பு பாயை மட்டும் நம்பிக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போய்த் திரும்பின. பாய்மரம் ஒரு தமிழனின் கையில் என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு சாட்சி யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய 'அன்னபூரணி' என்ற கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை அட்லாண்டிக்கைத் தாண்டி ஓட்டிப்போய், 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் கட்டினார்கள்.

இத்தனை இருந்தும் ஏன் இல்லை என்றால், எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இந்தக் கரையில் கடல் ஒருநாளும் விளையாட்டாக இருந்ததில்லை. அது கூலி. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கிரேக்க வணிகர் எழுதிவைத்த கடல்வழிக் குறிப்பு, கொற்கையில் முத்துக்குளிக்கும் வேலையைத் தண்டனைக் கைதிகளே செய்தார்கள் என்கிறது. பிற்காலத்தில் குளியாட்கள் காலில் கல்லைக் கட்டி இறங்கி, மூச்சடக்கி அள்ளி வந்த சிப்பியில் அரசுக்கு ஒரு பங்கு, சம்மாட்டிக்கு ஒரு பங்கு போக மிச்சமே அவர்களுக்கு. காது பொத்துக்கொண்டு இரத்தம் வந்தாலும் அடுத்த முங்குக்கு இறங்கியாக வேண்டும். 1961க்குப் பிறகு முத்துச் சலாபமே நடக்கவில்லை. சங்கு குளிப்பு மட்டும் தொடர்ந்தது. வள்ளத்தில் போகிறவர்கள் விடியுமுன் போய், கிடைத்ததைக் கொண்டுவந்து, ஏலத்தில் கொடுத்துவிட்டு, டீசல் கடனைக் கணக்குப் பார்க்கிறார்கள். 2017இல் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கரையிலிருந்து எத்தனை பேரை வாரிக்கொண்டு போனது என்பதை இந்தக் கடற்கரை இன்னும் மறக்கவில்லை. இப்படிப்பட்ட வீட்டில் ஒரு தகப்பன் மகனைப் பார்த்து, "நீ கடலுக்கு வராதே, படி" என்றுதான் சொல்வான். அதில் தவறே இல்லை. கடலை நன்றாக அறிந்தவன் சொல்லும் சொல் அது. பெண் பிள்ளைகளுக்கோ அந்தப் பேச்சே எழாது. வலைக்கும் கருவாட்டுக்கும் ஏலக்கூடத்துக்கும் பெண் வேண்டும். வள்ளத்தில் ஏற மட்டும் கூடாது.

ஆனால் இதே வளைகுடாவின் வடக்குப் பக்கம், பாம்பனை ஒட்டிய ஊர்களில் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015இல் சீக்காலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. பெண்ணுக்கும் கடலுக்கும் ஆகாது என்பது கடல் சொன்ன சட்டமில்லை.

கடல் பிழைப்பாகவே இருந்த கரையிலிருந்து ஒலிம்பிக் தங்கம் வராதா என்று கேட்டால், வந்திருக்கிறது. ஹாங்காங்கைச் சேர்ந்த லீ லாய் ஷானின் கதையை நம் கரைப் பிள்ளைகள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. அவர் பிறந்தது செயுங் சாவ் என்ற சின்னத் தீவில். நம் மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம் போல மீன்பிடிப்பே தொழிலாக இருந்த இடம். அந்தத் தீவில் அவருடைய மாமா கடற்கரையில் காற்றுப் பலகைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். காற்றுப் பலகை என்றால், ஒரு மிதவைப் பலகையில் நின்றுகொண்டு கையாலேயே பாயைப் பிடித்து ஓட்டுவது; ஒலிம்பிக்கில் அதுவும் பாய்மரப் போட்டிகளில் சேர்ந்ததுதான். பன்னிரண்டு வயதுப் பெண் மாமா கடைக்குப் போய் அந்தப் பலகையில் ஏறினாள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினாள். ஹாங்காங்குக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அதுதான். அத்தனை வங்கிகளும் வான்தொடும் கட்டடங்களும் உள்ள நகரத்துக்கு முதல் தங்கத்தைக் கொண்டுவந்தது மீன்பிடித் தீவில் வளர்ந்த ஒரு பெண்.

அவள் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டது ஒரு மாமாவும் சில பலகைகளும். பெரிய மைதானமோ கோடிக்கணக்கில் பணமோ முதலில் வரவில்லை. பிழைப்புக் கடலின் ஓரத்தில், பிள்ளைகள் பயமில்லாமல் விளையாட ஒரு மூலை இருந்தது. அங்கே சொல்லித்தர வீட்டு மனிதர் ஒருவர் இருந்தார். அதைத்தான் நான் கவனித்துப் பார்க்கிறேன்.

இன்னும் சில பெண்களையும் சொல்லிவிடுகிறேன். நேத்ரா ஓட்டும் அதே வகைப் படகில் உலகத்தை ஆண்டவர் நெதர்லாந்தின் மரிட் பவ்மீஸ்டர். 2012 லண்டனில் வெள்ளி, 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெண்கலம். அதற்குப் பிறகு 2022இல் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். இனி என்ன ஓட்டப்போகிறார் என்று மற்றவர்கள் நினைத்த நேரத்தில், பாரிஸில் மறுபடியும் தங்கம். லண்டனில் அவரை முந்தித் தங்கம் வென்ற சீனாவின் சூ லிஜியாவுக்குப் பிறவியிலேயே கண்ணிலும் காதிலும் குறை உண்டு. அவரும் சிறு பிள்ளையாக ஆப்டிமிஸ்ட் என்ற குட்டிப் படகில்தான் தொடங்கினார். இன்னும் பின்னால் போனால், ஒலிம்பிக்கில் முதன்முதலாக வெற்றி பெற்ற பெண்ணே பாய்மரப் படகில் வந்தவர்தான். 1900இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் எலென் தெ பூர்தாலெஸ், சுவிட்சர்லாந்துப் படகில் கணவரோடு சேர்ந்து ஓட்டி வென்றார். அந்தப் போட்டி நடந்தது கடலில் இல்லை. சீன் நதியில், மோலான் என்ற ஊரில். ஆற்றங்கரை ஊர்க்காரனான எனக்கு அந்தச் செய்தியில் ஒரு தனிச் சந்தோஷம்.

ஆறு, ஏரி என்றதும் போபாலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மத்தியப் பிரதேசத்துக்குக் கடலே கிடையாது. அங்கே தேவாஸ் மாவட்டத்து விவசாயி ஒருவரின் மகள் நேஹா தாக்கூர், போபாலின் பெரிய ஏரியில் இருக்கும் படகுப் பள்ளியில் பழகி, 2023 செப்டம்பரில் ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார். அப்போது வயது பதினேழு. ஹைதராபாத்தின் ஹுசேன் சாகர் ஏரியிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் படகோட்டச் சொல்லித்தருகிறார்கள். அங்கிருந்து தேசியப் போட்டிகளுக்குப் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கடலே இல்லாத ஊர்கள் பள்ளிக்கூடம் திறந்தன. நாம் தினமும் கடலில் முகம் கழுவுகிறோம். நமக்கு ஒன்று வேண்டாமா?

சென்னையில் 1911இலிருந்து ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் அங்கேதான். துறைமுகத்துக்குள் பத்திரமான தண்ணீர் கிடைத்ததால் அங்கே பிள்ளைகள் பழகினார்கள். தூத்துக்குடியில் பழைய துறைமுகம் இருக்கிறது. மணப்பாட்டில் வளைந்து உள்ளே வரும் கடல் இருக்கிறது. தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் காயல் இருக்கிறது. ஆப்டிமிஸ்ட் படகு 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை, மூக்கு வெட்டிய பெட்டி போல இருக்கும். 1947இல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்பவர் பிள்ளைகளுக்காகவே, பலகையை வெட்டிக் குறைந்த செலவில் கட்டும்படி வரைந்தது அது. தோணியையே கட்டும் நம் ஆசாரிமாருக்கு அதைக் கட்டுவது பெரிய காரியமே இல்லை. நாலைந்து படகு, எல்லாப் பிள்ளைக்கும் மிதவைச் சட்டை, கூடவே ஓடும் ஒரு எஞ்சின் வள்ளம், நீச்சல் சொல்லித்தர ஆள், பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்ற ஒரு நல்ல அறை. முதல் இரண்டு மூன்று ஆண்டுக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன். அந்த அறையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. அது இல்லாததால்தான் பல இடங்களில் பெண் பிள்ளைகள் பாதியில் நின்றுபோகிறார்கள்.

சொல்லித்தர யார் என்று கேட்பீர்கள். விதிகளையும் பந்தயத் தந்திரத்தையும் சென்னையிலிருந்து வந்து சொல்லித்தரலாம். காற்றைப் படிக்க, தண்ணீரைப் படிக்கச் சொல்லித்தர நம் பெரியவர்கள் போதும். பாய்த்தோணியில் தண்டலாக இருந்தவர்கள், வள்ளத்தில் பாய் கட்டி ஓடியவர்கள் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். வானத்து நிறத்தைப் பார்த்தே இன்னும் அரை மணியில் காற்று எங்கே திரும்பும் என்று சொல்லக்கூடியவர்கள். அவர்களைப் பயிற்சியாளர் என்ற மரியாதையோடு, சம்பளத்தோடு, பிள்ளைகள் முன் உட்கார வைக்க வேண்டும். தகப்பன் "கடலுக்கு வராதே" என்று சொன்ன பிள்ளை, படிப்பையும் விடாமல், தாத்தாவிடம் கடலைக் கற்றுக்கொள்ள இது ஒரு வழி. ராணுவத்திலும் கடற்படையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் உண்டு. விஷ்ணு சரவணன் ராணுவத்துக்காரர் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

கரையில் இருக்கிறவர்கள்தான் இதைச் செய்யவேண்டும், நமக்கென்ன என்று ஏரல் கடைவீதியில் இருக்கிற நாம் நினைத்துவிடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறி வந்து ஏரலை மூடியது. பாலம் அறுந்தது. கடைகளில் சரக்கு, வீடுகளில் நெல், எல்லாம் சேற்றோடு போனது. அந்த நாட்களில் நம் மாவட்டத்தில் தண்ணீருக்குள் சிக்கிக் கிடந்தவர்களைத் தேடி வந்தவர்களில் மீனவர்களும் உண்டு. சொந்தப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பெட்ரோலுக்குக்கூடக் கணக்குப் பார்க்கவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் படகு வாங்கித்தருவதில் நம் வியாபாரிகளும், விவசாயிகளும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நம்மூர்ப் பிள்ளைகளும் கைகொடுத்தால், பட்ட நன்றிக்கடனில் ஒரு சிறு பகுதியையாவது திருப்பிச் செலுத்தியதாக இருக்கும்.

புன்னைக்காயல் சிறுமிக்குத் தனியாகவே ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். நேத்ரா அக்கா சென்னைக்காரர்; அவரும் உன் வயதை ஒட்டித்தான் முதன்முதலாகப் படகில் ஏறினார் என்று எழுதினேன். முதலில் நன்றாக நீந்தப் பழகு, அம்மாவிடம் கேட்டுக்கொண்டு பழகு என்றும் எழுதினேன்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. எஞ்சின் இல்லாத காலத்தில் பாய் விரித்து ஓடிய பெரியவர்கள் தூத்துக்குடி, பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை என எந்த ஊரில் இருந்தாலும் எங்களுக்குத் தெரிவியுங்கள். அவர்கள் போன வழி, பார்த்த காற்று, கட்டிய பாயின் அளவு, கயிறுகளின் பெயர், புயலில் மாட்டிக்கொண்ட கதை, எல்லாவற்றையும் ஒரு தொடராகக் கொண்டுவர விரும்புகிறோம். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் போதும்; நம் ஆள் நேரில் வந்து எழுதிக்கொள்வார். பழைய தோணிகளின் படம் வீட்டில் இருந்தால், பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம். ஆடி அமாவாசைக்குச் சேர்மன் சுவாமி கோயிலுக்கு வருகிறவர்கள் அப்படியே நம் அலுவலகத்துக்கும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போகலாம். அன்றைக்குப் பகல் முழுவதும் இருப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்